தாடிக்குள்ள இருக்கறவன்

இல்லண்ணா, எடுக்க வேணான்னு சொல்லல. எவ்ளோ வேணா எடுங்க. நான் அந்தத் தாத்தா மூஞ்சிய மாட்டுனப்புறம் எடுங்கன்னுதான் சொல்றேன். இப்ப கேமராவக் கொஞ்சம் கீழ வைங்களேன். செவப்பு லைட்டு எரியிதே, அப்ப ஓடிக்குனுதானே இருக்கு? நிறுத்திட்டீங்களா? நெஜமா? சரி சரி, கோச்சிக்காதீங்க. எனக்கு எதையும் ரெண்டு வாட்டி கேக்கற பழக்கம். பரீச்சைக்குக் கெளம்புனா ஹால்டிக்கெட் இருக்குதான்னு வீட்டுல ஒரு தடவ பாப்பேன், பஸ்ஸுல ஒரு தடவ பாப்பேன், ஹாலுக்குள்ள போயி உக்காந்தும் பாப்பேன்.

நீங்களும் பாட்டுக்காரங்களோட உள்ள போயி காப்பி குடிக்கலாம்ல? எனக்கு வேணாண்ணா. நான் இந்தக் குட்டியானை வண்டியிலயே குந்திக்கிறேன். வயித்துல தலகாணிய வேற கட்டி வுட்டுட்டாங்க, இதோட வாசப்படி தாண்டுறதே பெரிய வேல. காப்பி குடிக்கணும்னா மூஞ்சியக் கழட்டணும். கழட்டுனா புள்ளைங்க பாத்துடும். வீடு வீடா கிறிஸ்மஸ் பாட்டு பாடற கேரலுக்கு வர்ற தாத்தா மூஞ்சியக் காட்டக்கூடாது, வாயத் தொறக்கக்கூடாது. அந்தோணிமேரி அக்கா போட்ட சட்டம் அது. முன்னாடி கண்ணாடி போட்டுக்குனு, தாளத்துக்குத் தலைய ஆட்டிக்குனு போச்சே, அதுதான் அக்கா. பாட்டுக் குழுவுக்கு லீடரு. போன வருஷம் வரைக்கும் தேவசகாயம் அங்கிள்தான் தாத்தா. ஒரு வீட்டுல அவுரு தும்மிட்டாராம். டேய், இது நம்ம ரேஷன்கடை அங்கிள்டான்னு ஒரு பய கத்திட்டானாம். அன்னைக்கிலேந்து தாத்தா பேசவும் கூடாது, தும்மவும் கூடாது. இந்த வருஷம் அங்கிளுக்கு முட்டி வலி. நான் ஆடுறேன்னு சொல்லிட்டேன். கேட்டு வாங்குனேன்னே சொல்லலாம்.

பேரா? பேரு போடாம முடியாதா? உங்களுக்குச் சொல்றேன், அறிவழகன். எழுதாதீங்க. ஊரு நெல்லிக்குப்பம் பக்கம். அதயும் எழுதாதீங்க.

ஆமாண்ணா, நாங்க இந்துதான். யாரு சொன்னா, இன்னாசிராஜா? அவன் வாயில ஒண்ணு நிக்காது. இந்தச் சர்ச்சுப் பையன்தான், சிதம்பரத்துல படிக்கும்போது எங்கூட ஒரே ரூமு அவன். அங்கதான் இப்ப வேலயும் எனக்கு, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல. கூடவே குரூப் ஃபோருக்கும் படிக்கிறேன். எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்சது நான்தான் மொதல்ல. அதனால எதச் செஞ்சாலும் ஊரே பாக்குற மாதிரி ஒரு நெனப்பு. தப்பாப் போயிட்டா, படிச்சவன் பண்ணுன வேலயப் பாருன்னுவாங்கல்ல?

காலைலயா? அதயும் சொல்லிட்டானா? ஆமா, காலைல சிதம்பரத்துலதான் இருந்தேன். திருவாதிரைக்குக் கொடி ஏத்தியாச்சில்ல, சாமி பொறப்பாடு பாக்க ஊர்க்காட்டு ஜனம்லாம் வருது. மேலவீதியில பசங்க சேந்து அன்னதானம் பண்றோம். சாம்பார் சாதம் பரிமாறிட்டு, கைய அலம்பிட்டு, அப்புடியே பஸ் ஏறிட்டேன். சட்டையில இன்னும் சாம்பார் வாசன இருக்கும். இந்தச் செவப்பு ட்ரஸ்ஸுக்கு உள்ள அந்தச் சட்டதான்.

காலைல விபூதி, சாயந்தரம் வெள்ளத் தாடியா? நல்லாத்தான் இருக்கு தலைப்பு. அதாண்ணா பயமே. நல்லா இல்லாத நியூஸு வந்த எடத்துலயே கெடக்கும். நல்லா இருக்கறது ஊர் ஊரா சுத்தும். எங்க அப்பா உங்க சேனல்தான் பாக்குறாரு. பொய் இல்லண்ணா. கரும்பு போட்டிருக்கறவங்க எல்லாரும் பாக்குறாங்க. மழ வருமா, ஆத்துல எவ்ளோ தண்ணி தொறந்துவுடுறான், ஆலையில எப்ப அரவ ஆரம்பிப்பான்னு நீங்க சொல்றதத்தான் நம்புறாரு. சுப்பராயலுன்னு பேரு. உங்களுக்கு ஒருதரம் கமெண்ட்டுகூடப் போட்டாராம், சத்தமாப் பேசுங்க தம்பின்னு. ஞாபகம் இருக்கா? ஐயோ, அவுருதான்.

திட்டுவாரான்னா, திட்ட மாட்டாரு. பேச மாட்டாரு. அதுதான் கஷ்டம். கிறிஸ்டின் ஆளுங்க மேல கோவம்லாம் கெடையாதுண்ணா. சின்ன வயசுல எங்களத் தூக்கிக்குனு வேளாங்கண்ணிக்குப் போயி மொட்டையே போட்டிருக்காரு. அது வேற. இது வேற.

சிதம்பரத்துல திருவாதிரைக்கு சேவ பண்றேன்னு அவுருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். பொய் சொல்லக்கூடாதுன்னுதான் காலைல போயி நெஜமாவே பண்ணுனேன். சாயந்தரம் எங்கடான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல.

ஆங், அது என்ன சொன்னீங்க? சேவை மனப்பான்மை. அந்த வார்த்தைய மட்டும் போடாதீங்கண்ணா, கால்ல வேணா வுழுறேன். போன ஞாயித்துக்கிழம ஃபாதரு மைக்குலயே சொல்லிட்டாரு. மாற்று சமயத்துத் தம்பி ஒருத்தர், தன்னலம் கருதாமன்னு. நான் செருப்பு வுடுற எடத்துல நின்னுக்குனு இருந்தேன், அப்புடியே ஓடிப் போயிடலாமான்னு இருந்திச்சி. கிறிஸ்மஸ் அன்னைக்கிப் பொன்னாட போத்தப் போறாராம். எனக்கு ராத்திரியில தூக்கம் வரல. தன்னலம் கருதாமலாம் இல்லண்ணா. கருதித்தான் வந்தேன்.

முழுக்கப் பொய்யின்னும் சொல்ல மாட்டேன். வெள்ளம் வந்தப்ப இன்னாசி கூப்ட்டான், சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்க வந்தேன். அப்ப எந்த நெனப்பும் இல்ல. இடுப்பளவுத் தண்ணியில போனோம். பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கறவங்களுக்கு மார்கழிப் பனிக்கிப் போர்வ குடுக்கறோம். கேரல்ல வர்ற காணிக்க அதுக்குத்தான் போவுது. அதெல்லாம் மனசார செய்யறேன். தாத்தா வேஷம்தான் வேற கணக்கு.

சொல்றேன் இருங்க. அவுங்க வந்துட்டாங்களா பாருங்க. இல்லியா? என்ன இவ்ளோ நேரம் காப்பி குடிக்கிறாங்க? பனி வேற எறங்குது. இந்தத் தெரு முடிஞ்சா அடுத்தது எந்தத் தெருன்னு தெரியுமா உங்களுக்கு? பெருமாள் கோயில் சந்துன்னு சொன்னாங்க. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

மத்தியானம் முதியோர் இல்லத்துல நீங்க இல்லல்ல? நல்ல வேள. இருசம்மாள்னு ஒரு பாட்டி, என் கையப் புடிச்சிப் பாத்துட்டு, டேய், தாடிதான்டா கெழவன், கை கொமரனாட்டம் இருக்குதுன்னு சொல்லிச்சி. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. சாக்லேட்டு குடுத்தா, எனக்கு சக்கர ஜாஸ்தி, நீ உன் பொண்டாட்டிக்குக் குடுன்னு திருப்பிக் குடுத்திச்சி. பொண்டாட்டி இல்லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்திச்சி, அடக்கிக்கிட்டேன்.

பெரியவங்க பிரச்சன இல்லண்ணா. கொழந்தைங்கதான். அழுவுதுங்க. நீங்களே பாத்தீங்கல்ல, போன வீட்டுல அந்தப் பையன் வீல்னு கத்துனான். இந்த மூஞ்சியப் பாருங்க, பிளாஸ்டிக்கு, கண்ணு எடத்துல ஓட்ட. சிரிச்சிக்குனேதான் இருக்குது, ஆனா பாக்க பயமா இருக்குல்ல? நான் ரூமுல கண்ணாடி முன்னாடி போட்டுப் பாத்தேன், எனக்கே ஒரு மாதிரி ஆயிடிச்சி. எதிர்வீட்டு அக்காவோட கொழந்தையத் தூக்கிப் பழவுனேன். மேலேந்து குனிஞ்சா அழுவுது. தரையில குந்திக்கணும். கொஞ்ச நேரம் அதப் பாக்காத மாதிரி வேற எங்கயாவது பாக்கணும். அப்புறம் வெரல மட்டும் நீட்டணும். அதுவா வந்து புடிக்கும். புடிச்சிச்சின்னா தூக்கிடலாம்.

எல்லாக் கொழந்தையும் அழுவாம இருக்கணும்னு இல்லண்ணா. ஒண்ணு ரெண்டு அழுதா என்ன? சொல்றேன்ல, பொறுமையா இருங்க.

அக்காவா? நான் எப்ப சொன்னேன்? எதிர்வீட்டு அக்கான்னு சொன்னேன். ஆங், எங்களத் தூக்கிக்குனு வேளாங்கண்ணிக்குன்னு சொன்னேனா? நல்லா கவனிக்கிறீங்க. இருக்குது. எனக்கு ஒரு அக்கா. கயல்விழி. கல்யாணம் ஆயிடிச்சி. இங்கதான், கடலூர்லதான். பேச்சுவார்த்த இல்ல.

தோ, வந்துட்டாங்க. ஏறுங்கண்ணா, தள்ளி உக்காருங்க, அந்த டிரம்ஸு கால்ல இடிக்கும். நீங்க கெளம்பலாங்க்கா, நான் ரெடி. என்னது? சந்து இல்லியா? கோயிலுக்குப் பின் தெருவா? மாத்திட்டாங்களா? இல்லக்கா, ஒண்ணும் இல்ல, எங்கயும் போலாம். எனக்கென்ன.

அண்ணா, கொஞ்சம் இந்த எலாஸ்டிக்கப் பின்னாடி மாட்டி வுடுங்க. எனக்குக் கை எட்டல. இறுக்கிக் கட்டுங்க. இன்னும் இறுக்கி. காதுகிட்ட தோல் தெரியிதா? மச்சம் ஒண்ணு இருக்கும் எடது காதுக்குக் கீழ. தெரியிதா? அந்தப் பஞ்ச கொஞ்சம் இழுத்து வுடுங்க. தெரியல இல்ல? சரி. இப்ப நான் பேசறது கேக்குதா? மெதுவாத்தான் பேசணும், அந்தோணிமேரி அக்கா காதுல வுழுந்தா போச்சி.

என்னது, போறீங்களா? போதுமா? வேற ஊரு நியூஸு இருக்குதா? குறிஞ்சிப்பாடியிலயா? இருங்கண்ணா. இருங்க. இப்பப் போறோமே, இந்தப் பின் தெரு மட்டும். நான் எடுக்காதீங்க எடுக்காதீங்கன்னுதான் இவ்ளோ நேரம் சொன்னேன், தெரியிது. இப்ப எடுங்கன்னு கேக்கறேன். ஒரு வீடு மட்டும்.

கோயிலத் தாண்டி, நீலக் கேட்டு. வாசல்ல வெள்ள நட்சத்திரம் கட்டியிருக்குதுல்ல, அதுக்கு அடுத்தது. எங்க அக்கா வீட்டுக்காரரு, டேவிட் ராஜுன்னு பேரு. பேச்சு இருந்தா மாமான்னு கூப்ட்டிருப்பேன். அவுருக்கு என் மூஞ்சி நல்லாத் தெரியும், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நானும்தான் பின்னாடியே ஓடுனேன் எங்க அப்பாவோட. நல்ல மனுஷன்தான். அன்னைக்கிக்கூட எங்க அப்பாவப் பாத்துக் கும்புடத்தான் செஞ்சாரு.

அறிவழகன் அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டான்னு எங்க அப்பாகிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன். அவுரு நெஞ்சப் புடிச்சிக்குனு உக்காந்திருந்தாரு, வேற என்ன சொல்ல முடியும் அப்ப? கிறிஸ்மஸ் தாத்தா மிதிக்கலாமான்னு அவுரும் கேக்கல, நானும் சொல்லல. தப்புதான் இல்ல? நீங்க என்ன நெனைக்கிறீங்க? வேணாம், சொல்லாதீங்க, எறங்கற நேரத்துல.

எங்க அக்காவும் அப்புடித்தான். போன்ல ஒரே ஒருவாட்டி கெடச்சிச்சி. வந்தா அப்பாவையும் கூட்டிக்குனு நேரா வா, திருட்டுத்தனமா வந்து பாத்துட்டுப் போற ஒறவு எனக்கு வேணாம்னு சொல்லிட்டு வச்சிடிச்சி. அதுக்கப்புறம் அந்த நம்பரு போவல. அதுவும் நியாயம்தான். ரெண்டு பேரும் நியாயமாத்தான் பேசறாங்க. நான்தான் நடுவுல தாடி வச்சிக்குனு நிக்கிறேன். திருட்டுத்தனமாத்தான் வந்திருக்கேன், டிரம்ஸ் அடிச்சிக்குனு.

இன்னாசிக்கா? தெரியாது. அவன்தான் பேச்சுவாக்குல சொன்னான், டேவிட் அண்ணன் கொழந்தைக்கி ஞானஸ்நானம், கேக்கு நல்லா இருந்திச்சின்னு. பொண் கொழந்த. இளமதின்னு பேரு வச்சிருக்காங்களாம். எங்க அக்கா சின்ன வயசுல பொம்மைக்கி வச்சிருந்த பேரு அது. இன்னும் ஏதோ புனிதர் பேரும் சேத்து வச்சிருக்காங்களாம், அது அவன் சொன்னான், எனக்கு மனசுல நிக்கல. பொங்கல் கழிச்சி காது குத்தறாங்களாம். யாரு மடியில உக்கார வைப்பாங்கன்னு தெரியல. நான் ஒருத்தன்தாண்ணா அதுக்குத் தாய்மாமன்.

நிறுத்திட்டாங்க. இதான். விளக்கு எரியிது பாருங்க, யாரோ வர்றாங்க. கேட்டத் தொறக்கறது எங்க அக்காதான். எளச்சிப் போயிருக்கு. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு.

நான் என் பங்குக்குக் குந்திக்கிறேன். அது வெரலப் புடிச்சா தூக்கிக்கிறேன், அழுதா வுட்டுடறேன், வற்புறுத்த மாட்டேன். நீங்க தள்ளி நின்னுக்குனு எடுங்க. சேனல்ல போடாதீங்க. என் நம்பருக்கு மட்டும் அனுப்புங்க. எங்க அம்மா கூடத்துலயே போன வச்சிக்குனு உக்காந்திருக்கும், அப்பா ஆலைக்குப் போயிருக்கற நேரம் இது. என்னய எடுக்கலன்னாகூடப் பரவால்லண்ணா. கொழந்த மூஞ்சி மட்டும் நல்லாத் தெரியற மாதிரி, கிட்டப் போயி எடுங்க.