மீன் இல்லாத குளம்

— கிட்ட வராதீங்க மாமி. நூலு பின்னாடி பறக்குது, மூஞ்சில பட்டுடும்.

— தண்ணி முன்னாடி இருக்குது. நூல எதுக்குப் பின்னாடி பறக்கவிடுற?

— அப்பத்தான் முன்னாடி போவும். இந்தத் தூண்டியில ஈயம் கெடையாது, நூலுதான் கனம். சாட்டை மாதிரி பின்னால நீட்டி, கொஞ்சம் பொறுத்து, முன்னால விடணும். நீங்க எப்படி வந்தீங்க? வூட்ல யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்.

— ஆட்டோவுல வந்தேன். ஃபஜ்ரு தொழுததும் மருமவ வண்டிய எடுத்துக்கிட்டு எங்க போறான்னு மாமியாருக்குத் தெரியாதா நௌஷீ? ஏற்கனவே ஒரு தடவ வந்து, அந்தப் புங்கமரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டுப் போயிருக்கேன். நேத்து ராஜமாணிக்கம் வேற வூட்டுக்கு வந்தாரு.

— குத்தகைக்காரரா? என்ன சொன்னாரு?

— “மலிகாம்மா, ஒங்க மருமவ தெனம் வந்து என் கொளத்துல தூண்டி போடுறா. இருந்த மீனெல்லாம் போச்சு, இப்ப கொளத்துல ஒன்னுமே இல்ல. புர்க்கா போட்ட பொண்ணு இப்படிக் கரையில நின்னா நாலு பேரு சிரிக்கமாட்டாங்களா”ன்னாரு. டீ குடுத்து அனுப்பிவெச்சேன்.

— சத்தியமா இல்ல மாமி. ஒரு மீனக்கூட நான் எடுத்துட்டு வந்ததில்ல. புடிப்பேன், பாப்பேன், விட்டுடுவேன். தூண்டி முள்ளு நுனியில பின்பக்கமா ஒரு பல்லு இருக்கும்ல, வாயக் கிழிக்கக்கூடாதுன்னு அதக்கூட குறடு வெச்சு நசுக்கிட்டேன்.

— விடுறதுக்கு எதுக்குப் புடிக்கணும்? சும்மா கேக்குறேன்.

— அது வந்து... எப்படிச் சொல்றது. நான் நெனச்சது சரியான்னு பாக்கத்தான்.

— என்ன நெனச்ச? புழு எங்க?

— புழு கெடையாது. இந்தாங்க, உள்ளங்கையில வெச்சுப் பாருங்க. மொன குத்தும், பாத்து.

— பூ மாதிரியில்ல இருக்குது.

— புங்கம்பூ. அந்தக் கரையில தண்ணி மேல கொட்டிக் கெடக்குது பாருங்க. கத்திரி வெயிலு தொடங்குனதுலேருந்து ஜிலேபி மீனெல்லாம் அதுக்கடியில வந்து வாயத் தொறக்குது. பூவத் தின்னுதா, பூவுல ஒட்டிக்கிட்டு விழுற பூச்சியத் தின்னுதான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் பூ மாதிரி ஒன்னு, பூச்சி மாதிரி ஒன்னு முள்ளு மேல கட்டினேன்.

— எது செயிச்சுது?

— பூச்சிதான். ஆனா வெயிலு ஏறுனப்புறம் பூவையும் வந்து மோந்து பாக்குது. ஏன்னு இன்னும் புரியல.

— இந்த வெள்ள நூலு எங்கேயோ பாத்த மாதிரி இருக்குது.

— ஒங்க தொழுகைத் துப்பட்டா ஓரம். கிழிஞ்சு ஓரமா போட்டீங்கல்ல, அது.

— எறகு?

— நம்ம சேவலோடது.

— அதான் அதுக்கு வாலு மொட்டையா கெடக்குதா? நான் பக்கத்து வூட்டுப் பூனையையில்ல திட்டிக்கிட்டு இருக்கேன். சரி, இது ஷாகிரு அயர்லாந்துலேருந்து கொண்டாந்த தூண்டிதானே? லீவுல வந்தப்போ ஒன்னையும் வண்டியில ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்துனானே.

— கிள்ளை, பிச்சாவரம் வாய்க்கா, சிதம்பரம் போற வழியில இருக்குற கொளம், ஒன்ன விடல. நான் முள்ளு டப்பாவ வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். அவரு வேல செய்யிற ஓட்டலுக்குப் பின்னாடி ஏரியாம், அங்க வர்ற வெள்ளக்காரங்க இதுலதான் புடிப்பாங்களாம். அந்த ஊருப் பூச்சியவே இங்கயும் போட்டாரு. நம்ம மீனுக்கு அது என்னன்னே தெரியல. சொன்னா கோச்சுக்குவாருன்னு நான் வாயத் தொறக்கல.

— அப்ப என் புள்ளைக்கு ஒன்னும் மாட்டல.

— ஒரு நண்டு மாட்டுச்சு.

— அத எங்கிட்ட சொல்லவேயில்ல பாரு. நீ இத எப்ப கையில எடுத்த?

— அவருகிட்ட போறதுக்கு எனக்கு விசா ரெண்டாவது தடவையும் இல்லன்னு ஆச்சுல்ல மாமி. அன்னைக்கு அவரு போன்ல “பாப்போம்”னாரு, வெச்சுட்டாரு. அப்புறம் பல நாளு போனே இல்ல. முதுநகருக்கு, எங்க வாப்பா வூட்டுக்கே போயிடலாம்னு அலமாரி மேலேருந்து பெட்டிய இழுத்தேன். கூடவே இது என் தலையில வந்து விழுந்துச்சு. வலியில ஒக்காந்து அழுதேன். வலிக்காக மட்டும் அழுவல. மறுநாளு காலையில இங்க வந்து நின்னேன். யாரு இருப்பாங்கன்னு பாக்கல, எதுக்கு வந்தேன்னும் தெரியல. மொதல்ல வீசுனது புங்கமரத்துல மாட்டுச்சு, அடுத்தது என் காதுல. மாடு ஓட்டிக்கிட்டுப் போன சவரியம்மாக்கா நின்னு பாத்துட்டு, “என்னம்மா, கொசு அடிக்கிறியா”ன்னாங்க.

— அதோட வந்திருக்கலாமே வூட்டுக்கு.

— வந்தேன். மறுநாளும் போனேன். வீசி வீசிக் கையி வீங்கிப்போச்சு. அப்புறம் வீசுறத வுட்டுட்டு, ஒக்காந்து தண்ணிய மட்டும் பாத்தேன். எந்த எடத்துல குமிழி வருது, தும்பி எங்க உக்காருது, தவள குதிச்சா எந்தப் பக்கம் தண்ணி ஆடுதுன்னு. பாக்கப் பாக்க, அடியில ஒரு ஊரே இருக்குதுன்னு தெரிஞ்சுது மாமி. அதுக்கப்புறந்தான் சேவல் எறகு. மொத ஜிலேபி கவ்வுனப்போ கையில ஒரு உசுரு கெடந்து இழுத்துச்சு. பயத்துல தூண்டிய வுடப் பாத்தேன். அன்னைக்கு வூட்டுக்கு வந்து வண்டிய நிறுத்துறப்பதான் ஞாபகம் வந்துச்சு, போனு வந்துச்சான்னு காலையிலேருந்து நான் பாக்கவேயில்லன்னு.

— ம்.

— கோவமா மாமி?

— கோவமில்ல. ஒங்க மாமா மலேசியாவுல இருந்த காலமெல்லாம் தபால்காரரு சைக்கிளு மணிக்குக் காது குடுத்துக்கிட்டே கெடந்தேன். அவரு மவுத்தாயி போய்ச் சேந்ததுக்கு அப்புறம் ஷாகிரு போனுக்கு. என்னிக்காவது ஒரு நாளு காலையில அத மறந்திருப்பேனான்னு யோசிக்கிறேன். ஞாபகத்துக்கு வரல. அதோ, அங்க என்னமோ ஆடுது பாரு.

— பாத்தேன். பேசாம இருங்க. நெழலு தண்ணியில விழாம ஒக்காருங்க... வருது. மோந்து பாக்குது. இருங்க... மாட்டிக்கிச்சு.

— தூண்டி இப்படி வளையுதே, ஒடஞ்சிடாதா?

— ஒடையாது. நான் நூல விட்டு விட்டு இழுக்குறேன். கைய தண்ணியில நனச்சுக்குங்க மாமி, காஞ்ச கையில தொட்டா அதோட மேலு வழவழப்பு போயிடும். இப்ப புடிங்க.

— கனமா இருக்குதே. முக்காக் கிலோ தேறுமா?

— தேறும். இதவிடப் பெருசும் கெடக்குது.

— ஜாஸ்தியா? எந்தப் பக்கம்?

— கெழக்கு மூலையில, ஆகாயத்தாமரைக்கு அடியில. அங்க பொழுது விடியிறப்போ தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். நடுவுல கெண்டை. மதகுப் பக்கம் விரால் இருக்குது, குஞ்சு பொரிச்சிருக்குது. செவப்பா ஒரு பந்து மாதிரி சுத்துது பாருங்க, அவ்வளவும் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழயே காவல் நிக்குது. அந்தப் பக்கம் நான் தூண்டியே போடுறதில்ல.

— ஐப்பசி மழையில கரை தாண்டிப் போயிடாதா இதெல்லாம்?

— மதகுல வலை கட்டுனா போவாதுன்னு சவரியம்மாக்கா சொன்னாங்க. ராஜமாணிக்கம் கட்டுறதேயில்லையாம்.

— கோடையில வத்துமா?

— இந்த வெயிலுக்கே நடுவுல ஆளு முழுவுற தண்ணி இருக்குது. மாமி, என்ன மீன்கடையில கேக்குற மாதிரி கேக்குறீங்க?

— சும்மா கேக்குறேன். மீன விடு, வாயத் தொறந்து தொறந்து மூடுது.

— போயிடுச்சு. மாமி, ஒன்னு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இனிமே போவக்கூடாதுன்னு நீங்க சொன்னா நான் வரமாட்டேன். ஒங்க பேச்ச மீற மாட்டேன். ஆனா மீன் போச்சுன்னு அவரு சொன்னத மட்டும் நம்பாதீங்க. இந்தக் கொளத்துல மீனுக்குக் கொறச்சலே இல்ல.

— நம்பினா நான் எதுக்கு இந்த வெயில்ல வரப்போறேன்? டீக்கடையிலயும் அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறாராம், கொளம் செத்துப்போச்சு, இனிமே யாரு எடுத்தாலும் நட்டம்னு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம் நௌஷீ. மீனே இல்லாத கொளத்துல ஒருத்தி மீன் புடிக்கிறான்னு சொல்ல, ஒருத்தரு எதுக்கு அம்மாந்தூரம் வூடு தேடி வரணும்?

— அப்ப... இந்த மாசத்தோட அவரு குத்தகை முடியுதுல்ல. ஏலத்துல வேற யாரும் கேக்கக்கூடாதுன்னா?

— மொதல்ல அத நானும் ஊகமாத்தான் நெனச்சேன். நீ சொல்லச் சொல்லத்தான் புரிஞ்சுது. கெழக்கு மூலை, மதகு, விரால் குஞ்சு. அவருகூட இவ்வளவு பாத்திருக்கமாட்டாரு.

— ஏலம் எப்ப மாமி?

— இன்னைக்குத்தான், பஞ்சாயத்து ஆபீஸ்ல. ஆட்டோவ நிறுத்தி வெச்சிருக்கேன். தூண்டிய மடி.

— எதுக்கு? அங்க போயி நாம என்ன பண்ணப்போறோம்?

— ஏலம் கேக்கப்போறோம். என் பேருல கேக்கவா, ஒன் பேருல கேக்கவா?