கேப்டன் அழுத்திய எண்

விமானத்தில் நான் எப்போதும் நடு இருக்கையைத்தான் கேட்டு வாங்குவேன். யாருக்கும் பிடிக்காத இடம். யாராவது ஒருவர் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்.

என் பெயர் அனிசெட்டோ விலார்மோசா. செபு நகரில் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்த விமானத்துக்கு எந்த விமானி என்று சுவர்ப்பலகையில் அட்டை மாட்டுவது என் வேலை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லா அட்டைகளையும் கழற்றி மாட்ட அரைநாள் போய்விடும். அதை நான்கு நிமிடத்தில் செய்யும் மென்பொருளை நானே எழுதினேன். ஒன்பது நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. மணிலாவில் மேடையேற்றி மல்லிகை மாலை போட்டார்கள்.

பிறகு விமானிகளின் களைப்பைக் கையில் எடுத்தேன். புறப்படும் முன் விமானி கைப்பேசியில் ஒன்றிலிருந்து ஏழுவரை ஓர் எண்ணை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் நல்ல தெளிவு. ஏழு என்றால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆறோ ஏழோ வந்தால் மென்பொருளே அவரை அந்தப் பயணத்திலிருந்து இறக்கிவிடும். எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஐந்து பேர் மென்பொருளைப் பார்க்க வந்தார்கள். களைப்பினால் ஒரு விமானம்கூட ரத்தாகாமல் தொண்ணூற்றொன்பது நாள் ஓடியிருந்தது. நூறாவது நாளுக்கு என்றே அவர்களை அழைத்திருந்தேன்.

ஒன்பது பத்துக்குத் திரையில் ஒரு பெயர் சிவந்தது. கேப்டன் டெல்ஃபின் அபரிசியோ. நான் அட்டை மாட்டிய காலத்திலிருந்து பழக்கம். அதுவரை மூன்றைத் தாண்டி அழுத்தாதவர்.

பணி ஒதுக்கும் ரோவேனா ஓடிவந்தாள். "அண்ணே, டெல்ஃபின் கேப்டன் ஏழு போட்டிருக்காரு. மாத்துறதுக்கு ஆளே இல்ல. ரத்துன்னு சொல்லிடவா?"

"கொஞ்சம் பொறும்மா."

விருந்தாளிகள் மின்தூக்கியில் ஏறிவிட்டதாகக் கீழிருந்து சொன்னார்கள். கணினியில் அந்த ஏழை நான்காக்கினேன். சிவப்பு பச்சையானது.

உடனே கேப்டன் கூப்பிட்டார். "டேய் செட்டோ, ஏழு போட்டேன்டா. என் பேரு ஏன் பச்சையா இருக்கு? வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருக்கா. மூணு நாளா நாற்காலியிலதான் தூக்கம்."

"சிஸ்டம் உங்க பழைய பதிவெல்லாம் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுது கேப்டன். உங்களால முடியும்னு சொல்லுது."

அவர் சிரித்தார். "என்னைவிட அதுக்கு என்னை நல்லாத் தெரியுமோ? சரி, நீ கட்டினது, நம்புறேன். திரும்பி வந்ததும் இருக்குடா உனக்கு."

அவர் மறுத்திருக்கலாம். விதிமுறையில் அதற்கு இடம் இருக்கிறது.

பெரிய திரையில் அவருடைய விமானம் ஒரு பச்சைப் புள்ளி. அதற்கு முதுகைக் காட்டி நின்றுதான் விருந்தாளிகளுக்கு விளக்கினேன். ஒருமுறையும் திரும்பவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவர் கேட்டார், அந்தப் புள்ளி ஏன் நகரவில்லை என்று. தெளிந்த வானம். ஓடுதளத்துக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் ஒரு மலைச்சரிவு. ஐம்பத்தெட்டுப் பேர்.

விசாரணைக்குப் பதிவுகளைக் கேட்டார்கள். நான்கு என்றால் கேள்வி எழும். அதனால் அன்று மாலையே இரண்டாக்கினேன். களைப்பை மறைத்த கேப்டன் என்று பத்திரிகைகள் எழுதின.

அவர் மனைவி நெனித்தா அறுவை சிகிச்சைக் கட்டோடு அலுவலகம் வந்தார். "தம்பி, ஏழு போடப்போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நெசமாவே ரெண்டுதானா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "சிஸ்டம் பொய் சொல்லாதுக்கா."

நெடுநேரம் அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு நன்றி சொன்னார்.

கல்லறைத் திருநாளன்று விபத்தில் இறந்தவர்களின் உறவினர்கள் நெனித்தாவைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லையாம். மெழுகுவர்த்தியை வாசலிலேயே ஏற்றிவிட்டுப் போனாராம். அன்று அவருக்காக நானும் ஜெபித்தேன்.

மாற்று ஆள் தேடுவதற்காக ரோவேனா அந்தச் சிவப்புத் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. இப்போது அது உங்கள் மேசையில் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஏழை நான்காக்கியது நான். இரண்டாக்கியதும் நான்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு திருத்தம். பயணிகள் ஐம்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பயணிகள் ஐம்பத்துநான்கு, மற்ற நால்வர் ஊழியர்கள். பிரித்து எழுதுங்கள். எண்கள் விஷயத்தில் நான் எப்போதும் நேர்மையானவன்.