டிராக் பாடினவன்

— பெட்டியை ஒட்டி மூடுக்கா. ஒரு இசைத்தட்டுகூட வெளிய போகக்கூடாது.

— சரி ராசா. ஆறு மணிக்கு ஆல்பம் வெளியீடு. கடை வாசல்ல வந்து நிக்கறவங்ககிட்ட வெறுங்கைய விரிக்கலாமா?

— விளையாடாதக்கா. அஞ்சாவது பாட்டப் போட்டுக் கேட்டேன். போச்சு, எல்லாம் போச்சு. அதுல நீ பாடல, நான் பாடறேன்!

— சரி. அப்புறம்?

— என்ன அப்புறம்? உனக்குக் காய்ச்சல்னு ஒருநாள் ஸ்டுடியோ பக்கம் வரலியே, அன்னிக்கு டிரம்ஸ் பதியணும். பாட்டு காதுல ஓடினாத்தான் எனக்குக் கை ஓடும். அதுக்காகச் சும்மா டிராக் பாடி வச்சேன். நீ வந்து ஒழுங்கா பாடினதும் அதைத் தூக்கியிருக்கணும். அந்த சவுண்டுக்காரர் என் குரல அப்படியே வச்சுட்டு உன் குரல மூடிட்டார்!

— நம்ம கிட்டார்கார நெட்டை கேட்டானா?

— கேட்டான். கிட்டாரைக் கீழ வச்சுட்டு, ‘இன்னொரு தடவ போடு’ங்கறான். பைத்தியக்காரன்.

— நான் பாடினது எதையும் அவன் இன்னொரு தடவ கேட்டதில்ல.

— அக்கா, நாலு வருஷம் நாயா அலைஞ்சு போட்ட முதல் ஆல்பம். ஜனம் வர்றதே உன் குரலுக்கு. நடுவுல நான் தகர டப்பாவ உருட்டின மாதிரி கத்தறேன்.

— பங்க் பேண்டுன்னா கத்தத்தானே செய்வாங்க?

— சத்தியமா சொல்றேன், வெளியீட்ட ரெண்டு வாரம் தள்ளிப் போடு. நீ பாடினது எவ்வளவு அருமையா இருந்துச்சு!

— முப்பத்தோரு தடவ பாடினேன்டா. காதலன் விட்டுட்டுப் போன பொண்ணு கணக்கா உருகி உருகி. சுருதி சுத்தம். ஆனா எங்கயோ ஒட்டல. ஏன்னு புரியாம கடைசி நாள் ஸ்டுடியோவுல உக்காந்து, பதிஞ்சு வச்ச எல்லாத்தையும் போட்டுக் கேட்டேன்.

— எல்லாத்தையும்னா?

— உன் டிராக்கையும்தான்.

— ஐயோ.

— இப்ப ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? கத்தினது கேவலமா இருக்குன்னா தடுக்கற? இல்ல, அந்த மூணாவது வரிக்காகவா?

— சும்மா வாய்ல வந்துச்சுக்கா.

— எனக்குக் குடுத்த காகிதத்துல ‘கதவத் தாழ் போடாம வச்சியே கண்ணே’ன்னு இருந்துச்சு. நீ பாடினதுல கண்ணேயக் காணோம்.

— அதான் முதல்ல எழுதினது. உன்கிட்டக் குடுக்கறப்போ கூச்சமாப் போச்சு, மாத்திட்டேன்.

— அப்பாகூட சண்டை போட்டுட்டு நீ வீட்ட விட்டுப் போன ஏழு மாசமும் தாழ் போடாமத்தான் படுத்தேன். நீ கவனிச்சேன்னே எனக்குத் தெரியாதுடா.

— திரும்பி வந்த அன்னிக்கு, தட்டலாம்னு கை வச்சேன். கதவு தானாத் திறந்துக்கிச்சு. அப்பவே உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வாய் வரல, எழுதத்தான் வந்துச்சு. அதுக்காக ஊரே கேக்கணுமா? சவுண்டுக்காரருக்கு ஒரு போன் போடுக்கா, அவர் பண்ணின தப்ப அவரே சரி பண்ணட்டும்.

— அவர் மேல தப்பில்லடா. என் குரல மூடச் சொன்னது நான்தான். ‘அக்கா’ன்னு என்னையே கூப்பிடற பாட்ட நானே எப்படிடா பாடறது?