தெற்றுப்பல்

இராணுவம் ஏவிய செல் கூவிக்கொண்டு வருகிறது. முதலில் தூரத்தில் 'டும்'. பிறகு கூவல். கூவல் நின்றால் எங்களுக்குத்தான்.

"விழுந்து படு!" என் கணவர் கத்துகிறார். நான் பங்கர்க் குழிக்குள் விழுகிறேன். அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். மண் சொரிந்தது. எழுந்து பார்த்தேன். நாங்கள் இருந்த தறப்பாள் கூடாரம் இல்லை. அவரும் இல்லை. தேட விடாமல் சனம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. 2009. வைகாசி. வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கும் மாதம்.

இப்போது தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் எலும்புகள். வந்து பார்க்கச் சொன்னார்கள். எலும்போடு கிடந்த உடுப்பை நான் நம்பவில்லை. கடைசி நாட்களில் கிடைத்ததைத்தான் எல்லாரும் உடுத்தோம். பல்லைப் பார்த்தேன். மேல்தாடை. இடது பக்கத்தில் ஒரு தெற்றுப்பல். அவருடையது. சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம்தான். இனி அவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யலாம். பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

"சிரிச்ச படம் ஏதும் இருக்கோ, அம்மா?" எலும்புகளைப் பரிசோதித்த சட்ட வைத்தியர் கேட்டார்.

அவருக்குப் பல் பிடுங்கிய பதிவுச் சீட்டுகள் ஆஸ்பத்திரியோடு எரிந்துவிட்டன. கலியாணப் படத்தை மட்டும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக் காப்பாற்றினேன். அதில் அவர் வாயை இறுக மூடியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் கலியாணப் படத்துக்குப் பல்லைக் காட்டுவதில்லை. "வாயை மூடுங்கோ, மாப்பிள்ளை" என்று சொல்லித்தான் படக்காரர் எடுத்தார். அடையாள அட்டையிலும் மூடிய வாய்.

பக்கத்தில் முள்ளியவளையிலிருந்து வந்த ஒரு தாய். அதே தாடையை நோக்கிக் கை நீட்டினார். "இது என்ர மோன்ர பல்லு. அவனுக்கும் இடப்பக்கம் தெத்துப்பல்லு." அவரிடமும் சிரித்த படம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவரவர் ஆள் உயிரோடு திரும்ப வேண்டும் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்த இரண்டு பேர் நாங்கள். இன்று ஓர் எலும்புக்குப் போட்டி போடுகிறோம்.

"பல்லை மட்டும் பாத்து ஆரெண்டு சொல்லேலாது" என்றார் வைத்தியர். மரபணுச் சோதனைக்கு அந்தத் தாயிடம் இரத்தம் எடுத்தார்கள். முடிவு எப்போது வரும் என்று சொல்லவில்லை. என் இரத்தம் உதவாதாம். என் கணவரின் இரத்த உறவில் ஒருவரும் மிஞ்சவில்லை. தாடையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள்.

நான் இழந்தவை. வட்டக்கச்சி வீடு. வயல். இரண்டு மாடுகள். கணவரைப் பெற்ற மாமி. மாமா. அவருடைய தங்கை, என் மச்சாள். அவளுடைய கைக்குழந்தை. அந்த நான்கு பேரையும் மணலில் நானே புதைத்தேன். என் கணவரை இன்னும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.