பரவாயில்லைக்கு இரண்டு

இரண்டு என்ற எண்ணை என்னைப் போல அழகாக எழுதுகிற ஆள் இந்த மருத்துவமனையில் வேறு யாரும் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் வாத்து கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது போல இருக்கும். விசாரணைக்காக நீங்கள் எடுத்துவைத்திருக்கும் தாள்களில் மொத்தம் எத்தனை வாத்து என்று எண்ணிவிட்டதாகச் சொன்னீர்கள். நான் எண்ணியதில்லை, மேடம். வரைகிறவனுக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கேள்வித்தாள் ஆள். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஏற்றுகிறார்கள். அது உள்ளே போய் வேர் பிடித்த பிறகும் நோய் திரும்பி வரலாம். அதனால் கொடுத்தவருடைய வெள்ளணுக்களையே மறுபடி எடுத்து, மாதம் ஒரு தவணையாக, அளவைக் கூட்டிக் கூட்டி ஏற்றிப் பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. மிச்சமிருக்கும் நோயை அவை தேடிப் பிடித்து அழிக்கும். சில சமயம் நோயை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரர் மேலேயே கைவைப்பது மாதிரி. தோல், வாய், வயிறு, கண் என்று எங்கே வேண்டுமானாலும்.

அந்தச் சண்டை தொடங்கிவிட்டதா என்று விசாரிக்கத்தான் நான். செவ்வாய்க்கிழமை காலை, ஆளுக்குப் பன்னிரண்டு கேள்வி. பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை, பத்து என்றால் தாங்க முடியவில்லை. எதற்காவது ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும், அடுத்த தவணை நின்றுவிடும். எனக்கு ஒரே விதி: அவர்கள் சொல்கிற எண்ணை எழுது, நீயாக எண் சொல்லாதே.

நல்ல விதிதான். எழுதியவருக்கு நம் ஆட்களைத் தெரியாது, அவ்வளவுதான்.

என் முதல் நோயாளி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாயெல்லாம் புண்.

"வாய் எப்படிங்க இருக்கு? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"பரவால்ல சார்."

"நம்பரா சொல்லணும்ங்க."

"நம்பர்னா... பரவால்லதான்."

"இங்க கட்டம் இருக்குங்க, காலியா விட முடியாது."

"உங்களுக்கு எது சௌகரியமோ போட்டுக்குங்க சார். நம்மால உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

புண்ணான வாயால் அவர் என் சிரமத்தைப் பற்றிப் பேசினார். நான் இளகிய மனசுக்காரன். இரண்டு போட்டேன்.

அதன் பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை தயாரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்ன பரவாயில்லை, ஒன்று. சாதாரணப் பரவாயில்லை, இரண்டு. "ம்ம்" போட்டு, கூரையைப் பார்த்து, பெருமூச்சோடு வந்த பரவாயில்லை, மூன்று. ஐந்துக்கான பரவாயில்லை என் அட்டவணையில் கிடையாது. நேர்மையாகச் சொல்கிறேன், ஒரே ஒரு முறை ஐந்து எழுதிப் பார்த்தேன். டியூட்டி டாக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னம்மா பண்ணுது?" என்றார். அந்த அம்மா அவருடைய ஈரக் கையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டாக்டர், பரவால்ல" என்றார். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "பார்த்து எழுதுப்பா" என்றார். அன்றிலிருந்து ஐந்து எழுதப் போனாலே எனக்குக் கோணிக்கொள்கிறது.

முதல் குழுவில் பத்துப் பேர். பத்துப் பேரின் தாளிலும் வாத்துகள் வரிசையாக நீந்தின. தொந்தரவு குறைவு என்று முடிவுகட்டி, இரண்டாம் குழுவுக்கு அளவை இரட்டிப்பாக்கினார்கள். பெரிய டாக்டர் கூட்டத்தில் என் தாள்களைத் தூக்கிக் காட்டி, "ஒரு கட்டம்கூட காலியா இல்ல, பாருங்க" என்றார். என் வாழ்க்கையில் என்னை யாரும் தூக்கிக் காட்டியதில்லை. குழந்தையில் தூக்கியிருக்கலாம், நினைவில்லை.

பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு எப்போது தோன்றியது என்று கேட்டீர்கள். ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். திங்கட்கிழமை மத்தியானமே கேன்டீனில் உட்கார்ந்து தாள்களை நிரப்பிவிடுவேன். செவ்வாய்க்கிழமை நோயாளிகளோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

வீட்டில் என் மனைவி ஒருநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எப்படி இருக்கு?" என்றேன். "பரவால்ல" என்றாள். நான் போய்ப் படுத்துவிட்டேன்.

"ஏங்க, பரவால்லன்னா எழுந்து வந்து அந்தப் பாத்திரத்தையாவது தேய்ங்கன்னு அர்த்தம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இத்தனை வருஷத்துல இதுகூடத் தெரியாதா?"

தேய்த்தேன். தெரிந்துகொண்டேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அது இரண்டாம் குழு தொடங்கி மூன்றாவது வாரம்.

இனி தையல் அக்கா. இரண்டாம் குழு. செல் ஏற்றுகிற பிரிவுக்குள் நிஜப் பூ கொண்டுவரக் கூடாது, கிருமி வரும். அதனால் துண்டுத் துணியில் பூப்பூவாகத் தைத்துக் கொடுத்து, அந்த வெளுத்த காத்திருப்பு அறையைக் கல்யாண வீடாக்கி வைத்தவர். ஒருநாள் என் சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்துவிட்டார்.

"இப்படி வந்து உட்கார்ந்தா நோயாளிக்கு எப்படித் தம்பி நம்பிக்கை வரும்?" என்று, மாஸ்க்கோடு, அங்கேயே தைத்துக் கொடுத்தார்.

அவருக்கு செல் கொடுத்தது அவருடைய தங்கை. "அவ வெளியில இருந்தே சும்மா இருக்க மாட்டா தம்பி. ஒரு பென்சிலுக்கு என் முடியைப் பிடிச்சு இழுத்தவ. இப்ப உள்ளேயே விட்டுட்டீங்க. என்ன ஆகப் போகுதோ" என்று சிரிப்பார்.

மூன்றாம் தவணை நாள். வந்து உட்கார்ந்ததும், நான் கேட்காமலே சொன்னார்: "கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு தம்பி. நாலு நாளா ஊசி கோக்க முடியல. ஏழு போடுங்க."

என் நோயாளிகளிலேயே எண்ணைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். "அளவெடுக்கிறவ நான், எனக்கு நம்பர் வரும்" என்று பெருமையும் பட்டுக்கொண்டார்.

தாள் எங்களுக்கு நடுவில் மேசைமேல் இருந்தது. கண்ணுக்கான கட்டத்தில் திங்கட்கிழமை வாத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"ஏழாக்கா? போன வாரம் ரெண்டுதானே" என்றேன். போன வாரமும் நான் கேட்டிருக்கவில்லை.

அக்கா அந்தச் சிவந்த கண்களைச் சுருக்கி, குனிந்து, தாளைத் தலைகீழாகவே படித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"முன்னாடியே எழுதிட்டீங்களா தம்பி?"

"பேனாவுல எழுதிட்டேன்க்கா."

பேனாவில் எழுதியதைத் திருத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை, மேடம். அடித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஏன் என்று காரணம் எழுதி, அதைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தாரோ என்னவோ.

"சரி விடுங்க," என்றார். "பரவால்ல."

கவனித்தீர்களா, அவரே வாயால் சொன்னது. சாதாரணப் பரவாயில்லை. என் அட்டவணைப்படி இரண்டு. ஆகவே அந்த ஒரு தாளில் மட்டும் பொய் எதுவும் இல்லை. சாயங்காலத்துக்குள் தங்கையின் மூன்றாம் தவணை உள்ளே போனது. ஒரு மாதத்தில் இடது கண்ணின் கருவிழி ஓட்டையாகிவிட்டது. வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

போய்ப் பார்த்தேன். அக்காவின் தையல் கடையில் தங்கை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் மிஷின் நின்றது. அக்கா குரலை வைத்தே கண்டுபிடித்தார். கையை நீட்டி என் சட்டையைத் தடவி, அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்தார்.

"நிக்குதா தம்பி?"

"நிக்குதுக்கா."

"பின்ன, யார் தச்சது?" என்றார்.

கண் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும். புகார் கொடுத்தது தங்கைதான். அக்கா சொன்னது சரி, அவர் சும்மா இருக்க மாட்டார்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். இருபது பேர் தாள்களில் பாதிக்கு மேல் யாரையும் கேட்காமல் எழுதியவை. ஏழு என்று காதில் விழுந்த பிறகும் இரண்டை விட்டுவைத்தேன். எல்லாம் அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான்.

கடைசியாக, மனசு உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். பரவாயில்லை என்றேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, "பரவாயில்லைன்னா எத்தனை?" என்றீர்கள். விநோதமான கேள்வி, மேடம். நான் யாரிடமும் கேட்டதில்லை.

இரண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம்.