மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் சொன்ன பதில்

"எங்கிட்டல்லாம் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கறாங்க. உங்கிட்ட மட்டும் எப்படிம்மா இவ்வளவு மனசு விட்டுப் பேசறாங்க?" ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பயணக் காப்பீடு விற்கும் அலுவலகம் எங்களுடையது. வாங்குகிறவர் ஏமாந்துவிடக் கூடாது என்று அரசு ஒரு விதி வைத்திருந்தது. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து ஐந்து கேள்விகள் கேட்டு, பதிலைச் சொன்னபடியே எழுதி வைக்க வேண்டும். ஏற்கெனவே நோய் உண்டா என்பது மூன்றாவது கேள்வி. வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்து ஒன்பதாவதோடு நின்ற எனக்கு, கையெழுத்து நன்றாக இருந்ததால் அந்த வேலை கிடைத்தது.

நான் யாரையும் அழைக்கவில்லை. பதில்களை நானே எழுதினேன். பழந்துணிக்கு அடியில் ஒளித்து வைத்த நோட்டுகளில், இல்லாத மனிதர்களைப் பேச வைத்துப் பழகிய கை. ஒரு தையற்காரரை, "எனக்கு வர்ற ஒரே வியாதி கொட்டாவிதான்" என்று சொல்ல வைத்தேன். மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் இல்லை என்றார்கள். யாரையும் நோயாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு கிளம்பிய ஓர் அம்மாவுக்கு, "மாடி ஏறினா எம்பின்னாடி வர்றவங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்" என்று எழுதினேன். மறுநாள் அந்த அம்மாவே அழைத்தார். "கண்ணு, கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு சொன்னாங்க, யாரும் கேக்கல. போன வருஷம் எனக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் ஆச்சு. அதைச் சொல்லணும்ல?" முழுவதும் கேட்டேன். நான் எழுதிய தாளில் ஓர் அடித்தல்கூட இல்லை; அதைத் திருத்த மனம் வரவில்லை. ரிசீவரை மெதுவாக வைத்தேன்.

போன இடத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. நோயை மறைத்தவர் என்று அந்தத் தாளைக் காட்டி நிறுவனம் கைவிரித்தது. மருத்துவமனை சிகிச்சையைத் தள்ளிப்போட்டது. நான்காம் நாள் இறந்துபோனார். குழந்தை பிறந்தது அதற்கு மறுநாள்.

அவர் கணவர் வந்தார். "எம்பொண்டாட்டி பொய் சொன்னாளாம்மா. பொய் சொல்லத் தெரிஞ்சவ எங்கூட முப்பது வருஷம் குப்பை கொட்டுவாளா? என்னதான் சொன்னா, படி."

படித்தேன். என் எழுத்தை ஒருவருக்கு வாய்விட்டுப் படித்தது அதுவே முதல் முறை. திக்கவே இல்லை.

"அவ பேச்சேதான்," என்றார். "போன் பண்ணிச் சொல்லிட்டேன்னாளே. அப்ப எங்கிட்டதான் பொய்யா?"

அந்த வரிகளின் பெருமை அந்த அம்மாவுக்குப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்க போன் பண்ணினாங்க. நான்தான் கேட்டுட்டு, எழுதாம போனை வச்சுட்டேன்," என்றேன். "இது முழுக்க நான் எழுதினது. நல்லா இருக்கா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.