பிரித்த பலகை

டி. கல்லுப்பட்டி போகிற கரியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தச்சரும் அவருடைய மாமனாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் கேட்ட ஒரு கேள்வி என் காதை அந்தப் பக்கம் இழுத்தது.

"கட்டின ரயில் பாலத்தை நீங்களே எதுக்கு மாப்ள பிரிச்சீக? கரையில நின்னு என் கண்ணால பார்த்தேன். வேலை சரியில்லைன்னு துரை விரட்டிட்டாருபோலன்னு வீட்டுல சொல்லிட்டேன். மூணு நாளா என் மக சரியாச் சாப்பிடலை."

"நான் பிரிச்சது பாலம் இல்லை மாமா. ஆத்துக்குள்ள தூணு வரப்போற இடத்துல பலகையால பெட்டி அடிச்சேன். அதுக்குள்ள சிமிட்டிக் கலவையைக் கொட்டுவாக. இறுகினதும் பெட்டியைக் கழட்டிரணும்."

"அப்பத் தூணு?"

"அது நிக்கிது."

"பலகை இல்லாமலா?"

"பலகை இல்லாமத்தான்."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கழட்டப்போறதுக்கு எதுக்கு அம்புட்டு ஆணி? எதுக்கு மட்டம் பார்த்து மட்டம் பார்த்து அடிச்சீக?"

"பெட்டி கோணினா தூணும் கோணிரும் மாமா."

"பெட்டிதான் இல்லைன்னுட்டீகளே."

தச்சர் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பெட்டி போட்டுக் காட்டத் தொடங்கினார்; பெரியவர் குறுக்கிட்டார்.

"வேலை இருக்கா, போயிருச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு. திங்கக்கிழமை அடுத்த தூணுக்குப் பெட்டி அடிக்கணும்."

"அதையும் பிரிப்பீகளா?"

"பிரிப்பேன்."

ஊர் வந்தது. பஸ் நிற்பதற்கு முன்பே பெரியவர் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் விளங்கலை மாப்ள. தப்பாச் சொன்னது நான்தான். வேலை போகலைன்னு நானே முதல்ல போய்ச் சொல்லிர்றேன். நீங்க மெதுவா வாங்க."